லிப்டில் 14ஆம் மாடி இல்லை: சிங்கப்பூரில் அறை எடுக்கப் போய் 88,900 ரூபாயை இழந்தோம்

ஊருக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆறுதலாக எழுதலாம் என்று அக்கா சொன்னாள். ஆறினால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது பரீட்சை முடிந்த கையோடு, சேர்த்து வைத்த காசில் சிங்கப்பூரை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தால் இதைக் கடைசிவரை வாசியுங்கள். எங்கே தங்குவது, எங்கே மலிவாகச் சாப்பிடுவது, காசு கொடுக்காமல் எதையெல்லாம் பார்ப்பது என்பதையும் கீழே விவரமாக எழுதுகிறேன்.

போனது 88,900 இலங்கை ரூபாய், எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற மகாபொல உதவித்தொகை 2025இல் மாதம் 7,500. ஏறக்குறைய பன்னிரண்டு மாத மகாபொல ஒரே ஓடிபியில் போனது. வயல் கணக்கில் சொன்னால், 2025இல் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்கு வைத்த விலை கிலோ 120 ரூபாய். அப்படிப் பார்த்தால் 740 கிலோ நெல். அப்பா இரண்டு ஏக்கர் செய்கிறவர். நான் அந்தக் கணக்கைச் சொன்னதும் ஒரு வார்த்தை பேசாமல் எழும்பிப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் கிளிநொச்சியில் வட்டக்கச்சி. சிநேகிதி முல்லைத்தீவு, கடற்கரைப் பக்கம். இரண்டு பேரும் பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில், ஒரே பாடம், ஒரே அறை. படிப்பு முடிய எங்காவது வெளிநாடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று முதலாம் வருடத்திலேயே பேசி வைத்திருந்தோம். சிங்கப்பூர் என்று முடிவு செய்ததற்குக் காரணம் இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே போக விசா தேவையில்லை. கொழும்பில் இருந்து நாலு மணித்தியாலப் பறப்பு. தமிழ் அங்கே நாலு அரச மொழிகளில் ஒன்று. நான் இரண்டு வருடமாக ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுத்துச் சேர்த்தேன். அவளுடைய பங்கு, அம்மா கருவாடு காயவைத்து விற்ற காசு. இதை நான் திரும்பவும் சொல்லுவேன், ஏனென்றால் ராத்திரியில் எனக்கு நித்திரை வராமல் செய்வது அந்தக் கருவாட்டுக் காசுதான்.

கடவுச்சீட்டை வவுனியாவில் எடுத்தோம். ரிக்கற்றை மூன்று மாதம் முந்தியே மலிவாகப் போட்டோம். மிச்சம் அறைதான். உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் வீட்டையும் அறையையும் நாள் வாடகைக்குப் போடுகிற செயலிகள் இருக்கின்றன அல்லவா, அந்த வகையில் பெரிய ஒன்றில் தேடினோம். ஒரு அறை கண்ணில் பட்டது. நீல நிற விரிப்பு, அதில் மஞ்சள் பூ. யன்னல் கம்பியில் சின்னதாக ஒரு சிங்கப்பூர்க் கொடி. மேசையில் கேத்தல், பக்கத்தில் இரண்டு கோப்பை. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இருந்து எட்டு நிமிட நடை என்று போட்டிருந்தது. இரண்டு பேருக்கு ஒரு இரவு 55 வெள்ளி. (அங்கே டொலரைத் தமிழர் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.) போய்த் தங்கியவர்கள் எழுதியதாக இருபதுக்கு மேல் குறிப்புகள், எல்லாமே நல்லதாக.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். பதில் தமிழில் வந்தது. "தமிழ்ப் பிள்ளைகளோ? எந்த இடம்?"

கிளிநொச்சி என்று சொன்னேன்.

பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "கடவுளே, நான் நெடுங்கேணி! கலியாணம் கட்டி இஞ்ச வந்து ஒன்பது வருசம். இதில எழுதிறது கரைச்சல் தங்கச்சி, வட்ஸ்அப்புக்கு வாங்கோ" என்று ஒரு இலக்கம் வந்தது.

இப்போது திரும்ப வாசிக்கும்போது தெரிகிறது, ஊரை முதலில் சொன்னது நான். அந்தப் பத்து நிமிடத்தில் பக்கத்து ஊர் ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. சிநேகிதியைக் கூப்பிட்டு, "எங்கட ஆக்களடி" என்று கத்தியது நான்தான்.

வட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. பெண் குரல், எங்கள் பேச்சு அப்படியே. "இரணைமடுவில இப்ப எத்தனை அடி தண்ணி நிக்குது? சிறுபோகத்துக்குத் திறந்திட்டாங்களோ?" என்று கேட்டாள். வெளியூர் ஆள் யார் இதைக் கேட்பார்? முப்பத்தாறு அடிக் குளம் எப்போது நிரம்பும், எப்போது இறங்கும் என்பது எங்கள் வீட்டில் தினமும் பேசுகிற பேச்சு. தண்ணி இறங்கிக்கொண்டு வருகிறது அக்கா என்றேன் நான். "ஊர் நினைப்பாவே கிடக்கு" என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு அந்தப் பதிவில் இன்னும் இருக்கிறது. நேற்றும் போட்டுக் கேட்டேன். கேட்கக் கேட்கக் கை நடுங்குகிறது.

அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் அக்கறையாகவே இருந்தது. "பொம்பிளைப் பிள்ளையள் தனிய வாறீங்கள், எத்தினை மணிக்கு இறங்கிறீங்கள்?" இரவு பத்து மணிக்குக் கிட்ட என்றோம். "பயப்பிடாதேங்கோ, நான் கீழ வந்து நிற்பன். மாமிக்கு மீன் குழம்பு வைக்கச் சொல்லுறன்." என் அம்மாவிடம் இந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். அதுவரை போக வேண்டாம் என்று நின்ற அம்மா, "அங்க ஒரு ஆள் இருக்கிறதெண்டால் சரி பிள்ளை" என்றார். அம்மாவின் சம்மதத்தையே அந்தக் குரல்தான் வாங்கித் தந்தது.

பிறகு காசு. செயலியில் கட்டினால் தரகு வெட்டுவார்கள், நேரே கட்டினால் உங்களுக்கும் லாபம், எனக்கும் லாபம் என்றாள். நாலு இரவுக்கு 220 வெள்ளி, அதோடு 150 வெள்ளி முற்பணம், போகும்போது அந்த 150ஐக் கையில் திருப்பித் தருவேன் என்றாள். மொத்தம் 370 வெள்ளி. ஒரு இணைப்பு அனுப்பினாள். திறந்தால் அந்தச் செயலியின் அதே நிறம், அதே சின்னம். "இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நிக்கினம், பின்னேரத்துக்குள்ள கட்டிப்போடுங்கோ" என்றாள். என்னுடைய வங்கி அட்டை இலக்கத்தை அடித்தேன். ஓடிபி வந்தது, அதையும் அடித்தேன். வங்கிக் கட்டணமும் சேர்ந்து 88,900 ரூபாய் வெட்டுப்பட்டது.

அந்த ஓடிபிக் குறுஞ்செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் தொகையும் இருக்கிறது, காசு யாருக்குப் போகிறது என்ற பெயரும் இருக்கிறது. செயலியின் பெயர் இல்லை. வாயில் நுழையாத வேறு ஏதோ ஒரு கடைப் பெயர். அதை வாசிக்க இரண்டு செக்கன் போதும். நான் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடினேன்.

ஓகஸ்டில் வெளிக்கிட்டோம். கிளிநொச்சியில் இருந்து இரவு பஸ், காலையில் கொழும்பு, அங்கிருந்து கட்டுநாயக்கா. சாங்கி விமான நிலையத்தில் இறங்கிக் குடிவரவு முடிந்து ரயில் மேடைக்கு வரும்போது கிட்டத்தட்ட பதினொரு மணி. எக்ஸ்போவில் மாறி, நீல நிறப் பாதையில் லிட்டில் இந்தியா. ரயிலில் அறிவிப்பு நிஜமாகவே தமிழில் வந்தது. சிநேகிதி என் கையைப் பிடித்து அமுக்கினாள். அந்தப் பயணத்தில் முழு மனதாகச் சந்தோசப்பட்டது அந்த அரை மணித்தியாலம் மட்டும்தான்.

அவள் கீழே வந்து நிற்கவில்லை. வட்ஸ்அப்பில் "வந்திட்டம் அக்கா" என்று போட்டால் ஒரு சரி அடையாளம் மட்டும். நித்திரையாகியிருப்பாள் என்று நினைத்தோம். விலாசத்தில் புளோக் இலக்கம் இருந்தது. அங்கே அடுக்குமாடிகளின் பக்கச் சுவரில் இலக்கத்தைப் பெரிதாக எழுதியிருப்பார்கள், இருட்டிலும் தெரியும். அந்த இலக்கத்தில் புளோக் இருந்தது. தேசிய நாள் முடிந்த கிழமை என்றபடியால் தாழ்வாரக் கம்பிகளில் எல்லாம் கொடி தொங்கியது, படத்தில் பார்த்தது போலவே. சரியான இடம் என்று மனம் குளிர்ந்தது. எங்களுக்குச் சொன்ன வீடு 14ஆம் மாடி. லிப்டுக்குள் ஏறினோம். பொத்தான்கள் 12ஓடு முடிந்தன.

நான் திரும்பத் திரும்ப அந்தப் பொத்தான்களைப் பார்த்தேன். 10, 11, 12. அதற்கு மேல் வெறும் இரும்புத் தகடு. சிநேகிதி, "மேல படி இருக்கும்" என்றாள். 12க்குப் போய் இறங்கிப் பார்த்தோம். படி இல்லை. கூரைக்குப் போகிற கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. அங்கேயே நின்று அந்த இலக்கத்துக்கு அடித்தேன். போகவில்லை. அவளுடைய படமும் மறைந்திருந்தது.

கீழே வந்தோம். அந்தப் புளோக்குகளின் அடித்தளத்தில் வீடு இல்லை, தூண்களும் கல்மேசைகளும்தான். அதில் ஒன்றில் பைகளை வைத்துவிட்டு இருந்தோம். சிநேகிதி அழவில்லை, நான் அழுதேன். காவலாளிச் சட்டையோடு வேலை முடிந்து வந்த ஒரு பெரியவர் நின்று கேட்டார். "ஏம்மா, இந்த நேரத்துல யாரத் தேடுறீங்க?" விலாசத்தைக் காட்டினோம். "இந்த புளோக்ல பன்னெண்டு மாடிதாம்மா. அதோட, வீவக வீட்ட நாலு நாளைக்கெல்லாம் வாடகைக்கு விட முடியாதே. ஆறு மாசத்துக்குக் கொறைஞ்சு விட்டா சட்டப்படி தப்பு. சுற்றுலா வர்றவங்களுக்கு விடவே கூடாது."

இதைத்தான் நான் யாரிடமும் முன்பே கேட்கவில்லை. வீவக வீடு என்றால் அங்கே அரசாங்கம் கட்டிக் கொடுக்கிற அடுக்குமாடி வீடு. அங்கே பெரும்பாலான சனம் அதில்தான் இருக்கிறது. அதில் குறைந்த வாடகைக் காலம் ஆறு மாதம். தனியார் வீடு, கொண்டோ என்றாலும் குறைந்தது மூன்று மாதம். அப்படியென்றால் நாலு இரவுக்கு வீட்டு அறை என்று யார் போட்டாலும் ஒன்று சட்டத்துக்கு எதிரானது, இல்லாவிட்டால் முழுப் பொய். இந்த ஒரு விசயம் தெரிந்திருந்தால் 88,900 ரூபாய் எங்கள் கையில் இருந்திருக்கும்.

அந்தப் பெரியவர் எங்கள் பையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, முதுகுப்பைக்காரர் தங்குகிற மலிவு விடுதி ஒன்றுவரை நடந்து வந்து விட்டார். பெண்களுக்கு மட்டுமான அறையில் இரண்டு கட்டில், ஒரு இரவுக்கு ஆளுக்கு 38 வெள்ளி. அவருக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு ஒழுங்காக வாய் வரவில்லை. இதை அவர் வாசிக்கப் போவதில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

விடுதிப் பெண் 1799 என்ற இலக்கத்தைத் தந்தாள். மோசடி பற்றிக் கேட்க அங்கே அதற்கென்றே இருக்கிற இலக்கம். அவர்கள் சொன்னபடி காலையில் போய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். மரியாதையாகக் கேட்டு எழுதினார்கள், பிரதி தந்தார்கள். அட்டையால் போன காசு சிங்கப்பூரிலேயே இருக்குமா என்று தெரியாது, உங்கள் வங்கியைப் பிடியுங்கள் என்றார்கள்.

இனித்தான் எனக்கு உண்மையான கோபம்.

முதலில் அந்தச் செயலி. உதவிப் பகுதியில் எழுதினால் இயந்திரம் பதில் சொல்கிறது. முன்பதிவு இலக்கம் என்ன? இலக்கம் இல்லை, உங்கள் தளத்தில் இருக்கிற அறை, அதைப் போட்ட ஆள் ஏமாற்றிவிட்டாள் என்று எழுதினேன். முன்பதிவு இலக்கம் என்ன? நாலு தரம். ஐந்தாவது தரம் ஒரு மனிதர் வந்தார், அல்லது மனிதப் பெயர் வைத்த ஏதோ ஒன்று. எங்கள் தளத்துக்கு வெளியே நடந்த கொடுப்பனவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதிவிட்டு முறைப்பாட்டை மூடிவிட்டார். காசைக்கூட விடுங்கள், அந்த அறையை எடுத்துவிடுங்கள், வேறு பிள்ளைகள் மாட்டுப்படுவார்கள் என்று திரும்ப எழுதினேன். பதில் இல்லை. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

அடுத்தது வங்கி. அங்கிருந்தே அழைத்து அட்டையை நிறுத்தினேன். திரும்பி வந்த அடுத்த நாள் கிளைக்குப் போனேன். சிங்கப்பூர்ப் பொலிசின் பிரதி, வட்ஸ்அப் உரையாடல், எல்லாம் அச்செடுத்துக்கொண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒன்றையும் புரட்டிப் பார்க்கவில்லை. "ஓடிபி நீங்கள்தானே அடிச்சனீங்கள்?" ஓம் என்றேன். "அப்ப நாங்கள் என்ன செய்யிறது தங்கச்சி?" படிவம் ஒன்று இருக்குமே என்று கேட்டேன். தலைமை அலுவலகத்துக்குக் கதையுங்கோ என்றார். தலைமை அலுவலகத்துக்கு எடுத்தால் 22 நிமிடம் பாட்டுப் போட்டார்கள், பிறகு உங்கள் கிளையில் படிவம் கொடுங்கள் என்றார்கள். திரும்பக் கிளைக்குப் போனேன். படிவம் பொறுப்பான ஆள் லீவு. மூன்றாம் தரம் அக்காவோடு போய், முகாமையாளரைப் பார்க்காமல் போகமாட்டோம் என்று கதிரையில் இருந்த பிறகுதான் படிவம் வந்தது. அது லாச்சிக்குள்தான் இருந்தது. 88,900 ரூபாய் என்று எழுதும்போது அவர், "இனியாவது கவனமா இருங்கோ" என்றார். கவனமில்லாமல் இருந்தது நான், ஓம். ஆனால் முறைப்பாடு பதிவது அவருடைய வேலை.

உள்ளூர்ப் பொலிசில், அது சிங்கப்பூரில் நடந்தது, அங்கேதானே கொடுத்துவிட்டீர்கள் என்றார்கள். காசு கட்டியது வட்டக்கச்சியில் என் வீட்டு விறாந்தையில் இருந்து என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். எழுதிய பக்கத்தின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி வந்தேன், அதைக் கேட்டதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

சரி, ஆலோசனை எழுதுகிறேன் என்று சொன்னேன். பட்ஜெட்டை நாள் நாளாகப் போடத்தான் நினைத்தேன், இப்போது அதற்கு மனமில்லை. விடுதிக்கே 304 வெள்ளி போனதால் நாங்கள் பார்த்ததும் கொஞ்சம்தான். மரினா பேயில் பூங்காவின் பெரிய மின் மரங்களில் இரவு 7:45க்கும் 8:45க்கும் ஒளிக்காட்சி, காசு இல்லை. லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தையில் சாப்பிட்டோம். வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு பின்னேரம் முழுக்க இருந்தோம். அவ்வளவுதான்.

அவசரமாகச் சிலது மட்டும்:

சிங்கப்பூரில் நாள் கணக்குக்கு வீட்டு அறை எடுக்காதீர்கள். பதிவு செய்த விடுதியில் கட்டில் எடுங்கள், போய் இறங்கிக் காசு கட்டக்கூடியதாகப் பாருங்கள்.

செயலியை விட்டு வட்ஸ்அப்புக்கு வா என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். எங்கள் தமிழில் கூப்பிட்டாலும்.

ஓடிபி செய்தியை முழுக்க வாசியுங்கள், காசு போகிற பெயரைப் பாருங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை, போக முந்திய மூன்று நாளுக்குள் அவர்களுடைய குடிவரவுத் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கிற தளமும் இருக்கிறது, சிநேகிதி அதிலும் மாட்டப் பார்த்தாள்.

வங்கியில் படிவம் இல்லை என்றால் எழும்பி வராதீர்கள். அதற்கும் மேலே மத்திய வங்கியின் 1935 இருக்கிறது. நான் நாளைக்கு அதற்குத்தான் அடிக்கப் போகிறேன்.

சிநேகிதி தன் பங்கு 44,450ஐப் பற்றி இன்றுவரை ஒரு சொல் கேட்கவில்லை. நேற்று அவளுடைய அம்மா பஸ்ஸில் ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். கருவாடு. "பிள்ளை யோசிச்சு மெலிஞ்சுபோடும், சமைச்சுக் குடுங்கோ" என்று என் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தக் காசை நான் கொடுப்பேன். ரியூசனைத் திரும்பத் தொடங்கிவிட்டேன்.

இதை எழுதி முடிக்கும் முன் அந்தச் செயலியை ஒருமுறை திறந்து பார்த்தேன். அதே அறை இருக்கிறது. போட்டவரின் பெயர் மாறியிருக்கிறது, மாடியும் மாறியிருக்கிறது, இப்போது 9ஆம் மாடியாம். நீல விரிப்பு, மஞ்சள் பூ, யன்னல் கம்பியில் சின்னக் கொடி, கேத்தலுக்குப் பக்கத்தில் இரண்டு கோப்பை. ஒரு இரவு 55 வெள்ளி. கண்டால் தொடாதீர்கள்.